அத்தான் படிக்க வேண்டிய நான்கு புத்தகங்கள்

பட்டியல் ஒரு பக்கத்துக்கும் குறைவாகவே இருந்தது. பிரதியிலிருந்து பிரதி எடுத்து எடுத்து எழுத்துகளின் விளிம்பு கரைந்திருந்தது. துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பில் சேர்பவர்கள் விரும்பினால் இவற்றைப் படிக்கலாம் என்று மேலே ஒரு வரி. அதன் கீழே நான்கு புத்தகங்களின் பெயர்கள். அக்காவின் கணவர், என் அத்தான், அந்தத் தாளைத் தன் செக்கியூரிற்றிச் சீருடையின் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, நீர்தானே புத்தகம் படிக்கிற ஆள். உதுகளை ஒருக்காப் பாத்து, எது எனக்குத் தேவை எண்டு சொல்லும்."

"விரும்பினால் எண்டுதானே அத்தான் போட்டிருக்கு."

"வெள்ளைக்காரன் விரும்பினால் எண்டு போட்டால் கட்டாயம் எண்டு அர்த்தம். ஏழு வருசமா உவங்களோடதானே வேலை."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நகரத்தின் ஒரு கோடியான வோபர்னில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில், அக்காவின் இரண்டு அறை வீட்டில், அவர்களுடைய நான்கு வயது மகளோடு ஓர் அறையைப் பகிர்ந்திருந்தேன். அத்தானுக்கு இரண்டு வேலைகள். பிற்பகலில் ஓர் உணவகத்தின் சமையலறை. அங்கிருந்து நேரே நகரத்தின் மறு கோடியான ரெக்ஸ்டேலுக்குப் போய், விடியும்வரை ஒரு கட்டடத்துக்குக் காவல். அவர் காலையில் வீடு திரும்பும்போது மகள் பாலர் வகுப்புக்குப் போய்விட்டிருப்பாள். அவள் மாலையில் வரும்போது அவர் உணவகத்துச் சமையலறையில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தார்கள். வகுப்பில் குடும்பத்தை வரையச் சொன்னபோது, அவள் அத்தானைக் கட்டிலில் போர்வைக்குள் வரைந்திருந்தாள். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள். ஆசிரியை அதற்கு ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார்.

அந்தப் படம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அத்தான் அதைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு, வங்கிகளுக்குப் பணம் ஏற்றிச் செல்லும் ஒரு கம்பனியின் விண்ணப்பத்தோடு வந்தார். காலை ஏழிலிருந்து பிற்பகல் மூன்றரைவரை, ஒரே வேலை. ஆனால் வண்டியில் போகிறவர்கள் இடுப்பில் கைத்துப்பாக்கி அணிய வேண்டும். விண்ணப்பத்தோடு பாதுகாப்பு வகுப்பில் தேறிய சான்றிதழும் கேட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

"உந்தச் சாமானிலயிருந்து தப்பித்தானே இஞ்ச வந்தனாங்கள்" என்றாள்.

"அது கம்பனிச் சாமானப்பா. கம்பனியிலயே பூட்டி வைச்சிட்டு வாறது. ஆர் வீட்ட கொண்டுவரப் போறது?"

"துவக்கு வராது. கைப்பழக்கம் வருமெல்லோ?" துப்பாக்கிக்கு எங்கள் ஊர்ச் சொல்லையே சொன்னாள்.

அத்தான் விண்ணப்பத்தை எடுத்து மடித்தார். ஆனாலும் போக வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை. அவளும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள்.

நான் பட்டியலை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே நான் வழக்கமாகத் தடித்த நாவல்களை இரவல் வாங்குபவள். நான்கு புத்தகங்களும் வெவ்வேறு கிளைகளிலிருந்து வந்துசேர ஒரு வாரம் ஆயிற்று. அவற்றில் திகதி குத்திய பெண்மணி, ஆய்வுக் கட்டுரை ஏதும் எழுதுகிறீர்களா என்று மென்மையாகக் கேட்டார். ஆம் என்றேன். இந்த விடயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

நான்கையும், வகுப்பில் எங்களுக்குப் பழக்கிய முறைப்படியே படித்தேன். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, யார் யாரிடம் பேசுகிறார், எந்த வினைச்சொல்லால் பேசுகிறார் என்று பார்த்தபடி. முதலாவது ஒரு மெல்லிய கையேடு. அதில் இருந்தவை பெரும்பாலும் ஏவல் வாக்கியங்கள். கையில் எடுக்கும் எந்தத் துப்பாக்கியும் குண்டேறியது என்றே கருது. சுட விரும்பாத எதன் பக்கமும் அதன் வாயைத் திருப்பாதே. சுடுவதென்று முடிவு செய்யும்வரை விசையில் விரல் வைக்காதே. ஒரு பெயரடைகூடத் தேவைப்படாத உரைநடை. அந்தப் பருவத்தில் நான் எழுதிய எல்லாக் கட்டுரைகளையும்விட அது நன்றாக இருந்தது.

இரண்டாவது, தற்காப்பைப் பற்றிய சட்டநூல். ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ள எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்பதற்கு 'நியாயமான அளவு' என்று ஒரே வரியில் விடை கூறிவிட்டு, நியாயம் என்றால் என்ன என்பதற்கு நாற்பது பக்கங்கள் எடுத்துக்கொண்டது. நால்வரில் இந்த ஆசிரியரைத்தான் நான் அதிகம் நம்பினேன். தனக்குத் தெரியாத இடங்களில் அவர் தெரியாது என்று எழுதியிருந்தார். மூன்றாவது கைத்துப்பாக்கிப் பயிற்சி நூல்: பிடி, நிலை, பார்வை, மூச்சு. மூச்சைப் பற்றிய அத்தியாயத்தைப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய தரிப்பு வந்தபோது, அதில் சொன்னபடி பாதி மூச்சை விட்டு மீதியைப் பிடித்து வைத்திருந்தேன்.

நான்காவது, மனநிலையைப் பற்றியது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஒரு பொலிஸ்காரர். எட்டு அத்தியாயங்கள். வாசகர் தூக்கத்தில் நடப்பவர் என்ற முடிவோடுதான் அவர் தொடங்குகிறார். ஆகவே கடைக்குள் நுழைந்தால் வெளியேறும் வழியைப் பார் என்கிறார். எதிரே வருபவனின் முகத்துக்கு முதல் கைகளைப் பார், உணவகத்தில் சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார்.

இவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் தமிழில் சுருக்கி எழுதி, ஞாயிறு பிற்பகல்களில் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். நான்காவது புத்தகத்துக்கு வந்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"உதுக்கு ஒரு புத்தகமோ? அந்தாளைக் கொண்டுபோய் எங்கட கலியாண வீடொண்டில இருத்தும். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எத்தினை பேர் இருக்கினம் எண்டு எண்ணட்டும்."

ஞாயிறுகளில் தேநீருக்கு வரும் கீழ்வீட்டுக்காரர் அன்றும் இருந்தார். அத்தானின் ஊர்க்காரர், அவரைவிட இளையவர்.

"அண்ணை, ஊரில நிண்டிருந்தால் உதை இயக்கத்தில சும்மா பழக்கியிருப்பாங்கள், சாப்பாடும் தந்து. இஞ்ச வந்து காசு கட்டிப் படிக்கிறியள்!"

"அங்க பழக்கினவங்கள் சேர்ட்டிபிக்கற் குடுக்கேல்லையடா."

அக்கா தேநீரை வைத்த வேகத்தில் பாதி சோசரில் இருந்தது. கீழ்வீட்டுக்காரர் அதைச் சோசரிலிருந்தே குடித்தார்.

ஒன்றை மட்டும் நான் வாசிக்கவில்லை. நான்காவது புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம். மிகச் சிறியது, ஆறு பக்கங்கள். அதில் அந்தப் பொலிஸ்காரர் தன் கேலிகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறார்: உன்னால் ஒரு மனிதனைச் சுட முடியுமா? அமைதியான ஓர் அறையில் உட்கார்ந்து இதற்கு விடை காணாதவன் ஆயுதத்தைத் தொடவே கூடாது என்பது அவர் கருத்து. மூன்று முறை படித்தேன். எழுதுவதற்குக் கொப்பியைத் திறந்தேன். பிறகு, பரீட்சையில் இது வராது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, ஆறாம் அத்தியாயத்துக்குக் கீழே எட்டாம் அத்தியாயத்தின் தலைப்பை எழுதினேன்.

வகுப்பின் பரீட்சை ஒரு சனிக்கிழமை, மோர்னிங்சைட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. துணைக்கு வந்தவர்கள் பின்னால் கதிரைகளில் இருக்கலாம் என்றார்கள், இருந்தேன். எழுத்துப் பகுதியில் அத்தான் இரண்டே பிழைகள் விட்டிருந்தார். பிறகு செய்முறை. மேசையில் ஒரு சுழல் துப்பாக்கி; சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டது. அருகில் பொய்க் குண்டுகள். பரிசோதகர் பல பைகள் வைத்த மீன்பிடிச் சட்டை அணிந்த, தணிந்த குரலில் பேசும் முதியவர். அத்தான் அதை எடுத்தார். அதன் வாய் சுவரில் ஒட்டியிருந்த குறியைப் பார்த்தபடி இருந்தது. விரல் விசைக்கு வெளியே இருந்தது. உருளையைத் திறந்து, ஒவ்வொரு குண்டறையாகப் பார்த்து, வெறுமை என்று சொன்னார். கொப்பியில் நான் எழுதிய ஒழுங்கு ஒன்றுகூடத் தவறவில்லை.

அப்போது பரிசோதகர் உரத்த குரலில், "ஸ்டொப்!" என்றார். அதுவும் பரீட்சையின் ஒரு பகுதி. அந்தச் சொல் கேட்டதும், துப்பாக்கியின் வாயைக் குறியிலிருந்து விலக்காமல் அப்படியே உறைந்து நிற்க வேண்டும்.

அத்தான் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, சொன்னவரை நோக்கி முழுவதுமாகத் திரும்பி நின்றார். துப்பாக்கி வலது கையில் இருந்தது. அவர் திரும்பியபோது அதன் வாய் மணிக்கூடு, யன்னல், முறைக்குக் காத்திருந்த இருவர், கடைசியாகப் பரிசோதகர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போனது. முதியவர் மெதுவாக வந்து, உயர்ந்திருந்த கையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். கைகளை இறக்கலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் அத்தான் இறக்கினார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை வரலாம் என்றார்கள்.

திரும்பும் பேருந்தில் அவர் பேசினார்.

"நான் யோசிச்சுச் செய்யேல்லைப் பிள்ளை. ஊரில ஆமிக்காரன் நில் எண்டு எந்தப் பாஷையில சொன்னாலும், சைக்கிளால இறங்கிக் கையைத் தூக்கிக்கொண்டு சொல்லுறவனைப் பாத்துத் திரும்பவேணும். முதுகைக் காட்டினால் சுட்டுப்போடுவான்."

"அவர் சுடமாட்டார்தானே, அத்தான்."

"அது எனக்குத் தெரியுந்தானே. கைக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை."

நான்காவது புத்தகத்தை அன்று எனக்குள் திருத்திப் படித்தேன். யோசிக்காமலே உடல் சரியானதைச் செய்யும்வரை பழகு என்று அந்த ஆசிரியர் திரும்பத் திரும்ப எழுதுகிறார். அத்தானின் உடல் ஏற்கெனவே பழகியிருந்தது. பழக்கியவர்கள் வேறு ஆட்கள். தூங்குபவனை எழுப்பும் வழியை எட்டு அத்தியாயங்களில் எழுதியவர், எந்நேரமும் விழித்திருப்பவனை என்ன செய்வது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

ஆகவே நாங்களே ஒரு வழி கண்டோம். வீட்டில் துப்பாக்கியின் உருவத்துக்குக் கிட்டியதாக இருந்த ஒரே பொருள் அக்காவின் ஹெயார் ட்றையர். மறுநாள் ஞாயிறு, அத்தான் அதை இரு கையாலும் பிடித்து, சுவர்க் கலண்டரைக் குறிவைத்து நின்றார். அது குண்டேறியது என்றே கருத வேண்டும் என்று நான் நினைவூட்டினேன். நினைக்காத நேரத்தில் "ஸ்டொப்" என்று சொல்ல வேண்டியது என் பங்கு. சொன்னேன். அவர் அசையவே இல்லை. மூன்று முறை சொன்னேன்.

"பிள்ளை, நீர் கவிதை வாசிக்கிறமாதிரிச் சொல்லுறீர். உதைக் கேட்டால் எனக்கு நித்திரைதான் வருது."

இன்னும் உரத்துச் சொல்ல முயன்றேன். என் குரலுக்கு அதற்கு மேல் போகத் தெரியவில்லை. குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்த அக்கா, எண்ணெய் வடியும் கரண்டியோடு வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"ஸ்டொப்!"

அவளிடமிருந்து அப்படியொரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அத்தானின் கைகள் கூரைக்குப் போயின. ஹெயார் ட்றையரின் வயர் சுழன்று மேசையிலிருந்த கோப்பையைத் தட்டிவிட்டது. மகள் நிலத்தில் விழுந்து உருண்டு சிரித்தாள், "அகெய்ன், அம்மா, அகெய்ன்!" என்று கைதட்டினாள். அக்கா சிரிக்கவில்லை. அந்தக் குரலை எங்கே, யாரிடமிருந்து, எத்தனை முறை கேட்டிருந்தாள் என்பது அத்தானுக்குத் தெரியும். எனக்குக் கொஞ்சம் தெரியும்.

"அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்றாள். "இன்னொருக்காச் செய்வம்."

அன்று இருபது முறைக்கு மேல் செய்தார்கள். எட்டாவது முறை கைகள் தோள்வரை மட்டும் உயர்ந்தன. பதினைந்தாவது முறை முழங்கை ஒருதரம் துடித்தது. அதற்குப் பிறகு அவர் கலண்டரைப் பார்த்தபடியே நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. அக்கா ஹெயார் ட்றையரை வாங்கி வயரைச் சுற்றி வைத்தாள்.

"உன்ர கொப்பியைத் தா, நானும் பாக்கிறன்" என்றாள் என்னிடம். "எல்லாம் எழுதினனியோ?"

"ஓம்" என்றேன். அது இரண்டாவது பொய்.

அக்கா என் கொப்பியோடு நிற்கவில்லை. தான் வேலை செய்த தொழிற்சாலையில் மதிய இடைவேளையில், அந்த நான்காவது நூலகப் புத்தகத்தையும் ஒரு சிறிய அகராதியையும் வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு, பிள்ளை அறையில் விளையாடிக்கொண்டிருந்தபோது, மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஏழாவது அதிகாரம் படிச்சியளோ?"

அத்தான் என்னைப் பார்த்தார். "கொப்பியில ஆறுக்குப் பிறகு எட்டெல்லோ இருக்கு."

அவர் அதைக் கவனித்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏனடி விட்டனி?" என்றாள் அக்கா.

"சோதினைக்கு வராது எண்டு…"

"அதோ காரணம்?"

நான் மேசை விரிப்பின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைக் காப்பாற்றுவதற்காகவே விட்டேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவருடைய விடையைக் கேட்க எனக்குப் பயம், அதுதான் காரணம். ஒவ்வொரு ஞாயிறும் என் கோப்பையில் தேநீர் ஊற்றித் தரும் ஒரு மனிதரைப் பற்றி, எனக்குத் தெரிய வேண்டாம் என்று நான் முடிவெடுத்திருந்த ஒன்று அந்த ஆறு பக்கங்களில் இருந்தது. அதை அவருக்கும் சேர்த்து முடிவெடுத்துவிட்டேன்.

அக்கா என்னை விட்டுவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"ஒருத்தன் வந்து துவக்கை நீட்டிக் காசு மூட்டையைக் கேட்டால் சுடுவியளோ?"

அத்தான் உடனே பதில் சொன்னார். "மூட்டையைக் குடுத்திடுவன். அது வங்கியின்ர."

"உங்களோட நிண்டு வேலை செய்யிற ஆளுக்கு நீட்டினால்?"

அறைக்குள் பிள்ளை தன் பொம்மைக்கு ஆங்கிலத்தில் ஏதோ கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"சுடுவன் எண்டுதான் நினைக்கிறன்" என்றார். பிறகு, "ஆனா சுட்டிட்டு வந்து உம்மோட இருந்து சாப்பிடுவனோ எண்டு எனக்குத் தெரியாது."

"சாப்பாடு நான் போடுவன். வந்து எனக்குப் பொய் சொல்லாமல் இருந்தால் காணும்."

அத்தான் தலையசைத்தார். அக்கா எழுந்தாள்.

"இன்ரர்வியூவில கேட்டாலும் உப்பிடியே சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

அந்த வாரமே ஏழாம் அத்தியாயத்தை எழுதி, கொப்பியின் உரிய இடத்தில் தாள்களாக ஒட்டினேன். அது இனி யாருக்கும் தேவை இல்லை என்பது தெரிந்தே செய்தேன். மறு சனிக்கிழமை அதே மண்டபத்தில், அதே முதியவர் "ஸ்டொப்!" என்றபோது அத்தான் சுவரின் குறியைப் பார்த்தபடி நின்றார். முதியவர் வேண்டுமென்றே சற்று நேரம் காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு, நன்றி, கீழே வைக்கலாம் என்றார்.

கம்பனியின் நேர்முகத்தில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ அந்தக் கேள்வி வந்ததாம். அத்தான் அக்காவிடம் சொன்ன இரண்டு விடைகளையும் ஆங்கிலத்தில் சொன்னார். சாப்பாட்டைப் பற்றிய பகுதியையும் விடவில்லை. கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாராம். பிறகு எடுத்து எதையோ எழுதிக்கொண்டாராம். என்னுடைய கொப்பி மட்டும் அத்தானிடம் இருந்திருந்தால், அந்தக் கேள்வியை முதன்முறையாக அந்த அறையில்தான் அவர் எதிர்கொண்டிருப்பார். இப்போதும் ஒரு நூலைச் சுருக்கி எழுதும்போதெல்லாம், எதை விடுகிறேன், யாருக்காக விடுகிறேன் என்று ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன்.

அவர் அந்த வேலையில் சில ஆண்டுகள் இருந்தார். பயிற்சி நாட்களைத் தவிர அந்தத் துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வரவில்லை என்று சொன்னார். அக்கா நம்பினாள், நானும் நம்பினேன்.

வேலை தொடங்கிய முதல் நாள் பிற்பகல் எனக்கு நினைவிருக்கிறது. நாலேகாலுக்கு வந்து, கைகால் கழுவி, சாரத்தைக் கட்டிக்கொண்டு சோபாவின் நுனியில் அவர் உட்கார்ந்திருந்தார், பஸ்சுக்குக் காத்திருப்பவர்போல. ஐந்து மணிக்குச் சற்று முன்பாக அக்காவும் மகளும் வந்தார்கள். பிள்ளை வாசலிலேயே நின்று, ஒரு சப்பாத்தைக் கழற்றிய காலோடு அவரைப் பார்த்தாள்.

"அம்மா, ருடே சண்டேயா?"

"இல்லை. செவ்வாய்க்கிழமை" என்றாள் அக்கா, மற்றச் சப்பாத்தின் முடிச்சை அவிழ்த்தபடி.

அத்தான் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் குசினியைப் பார்த்தார்.

"இவள் இந்த நேரத்தில என்ன சாப்பிடுறவள்?"

"என்னை ஏன் கேக்கிறியள்? அவளுக்கு வாய் இருக்குத்தானே."

அவர் மகளுக்கு முன்னால் முழங்காலில் அமர்ந்து அதையே கேட்டார். பாண் துண்டுக்குச் சீனி போட்டு வேண்டும், ஆனால் அதை முக்கோணமாக வெட்ட வேண்டும் என்றாள்.